சாவில் நின்ற படம்

ஐப்பசி 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. எனக்கு மட்டும்.

தங்கச்சி பேச்சியம்மாளுக்குப் புதன்கிழமை நெஞ்சு ஆப்பரேஷன், திருநெல்வேலியில். போன வாரமே செய்ய வேண்டியது. நாரை ராணி கடைசிப் படம் வரட்டும் என்று நான்தான் டாக்டரிடம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டேன். தமிழில் பேசுகிற வெளிநாட்டுப் படம். பதினொரு வருஷமாக முந்தின ஐந்தையும் சேர்ந்தே பார்த்தோம். “முடிவத் தெரிஞ்சிக்கிட்டுப் போய்ப் படுக்கேன் அண்ணே” என்றிருந்தாள்.

மேட்னி. நல்ல கூட்டம். கடைசியில் ராணி நெஞ்சில் ஈட்டி. விழுந்தாள். அவள் வளர்க்கிற நாரை தலையைக் குனிந்தது. விளக்கைப் போட்டுவிட்டான். இன்னொரு இடைவேளை போல என்று முறுக்கு வாங்க எழுந்தேன்.

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர்: “படம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. மிச்சம் அடுத்த வருசம். போஸ்டர்லயே போட்டிருக்கே, பாகம் ஒண்ணுன்னு.”

போட்டிருக்கிறதாம். எழுத்து தெரியாத நாங்கள் இரண்டு பேரும் நாரையைத்தான் பார்த்தோம்.

பேச்சி வழியெல்லாம் சேலைத் தலைப்பால் நெஞ்சை மூடிக்கொண்டே வந்தாள்.

ஐப்பசி 10, திங்கள்

கனமழை. ஸ்கேன் கவர், ஆதார், பிளாஸ்க், துண்டு இரண்டு. எல்லாம் பைக்குள். ஆள் மட்டும் வரமாட்டேன் என்கிறாள்.

எங்கள் அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். சாவில் கதையை நிறுத்த விடமாட்டார்; கேட்டவர்களுக்கு ஆகாது. மழை கொட்டினாலும், ராஜாவுக்குப் பட்டம் கட்டுகிற இடத்தைக் கொஞ்சமாவது பாடிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

“நெஞ்சுல ஈட்டியோட நிப்பாட்டிட்டான். நான் போயி நெஞ்சக் கீறப் படுக்கணுமாக்கும்?”

“ஏட்டி, அது சினிமா.”

“அப்பா இருந்தா அவர்ட்ட இதச் சொல்லுவியா?”

சொல்லமாட்டேன்.

சாயங்காலம் அவள் மகன் போனில் கத்தினான்: “மாமா, நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள சேக்கலன்னா பெட்டு போயிரும்!”



ஐப்பசி 11, செவ்வாய்

வெயில். முடிவை நானே கட்டிச் சொல்லலாமா என்று பார்த்தேன். பொய்யென்று பிடித்துவிடுவாள்.

பத்து மணி. மகன் கொண்டுவந்த கார் வாசலில். பேச்சி சேலைகூட மாற்றவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்தேன். முதல் படத்தில் ராணிக்குப் பட்டம் கட்டுகிற இடத்தை அப்பா மாதிரி எடுத்துச் சொன்னேன். ஒரு சொல் விடவில்லை. உப்புத் தீவு. கிழட்டுத் தளபதி முழங்கால் போட்டது. கிரீடத்தை வாங்கி ராணி முதலில் நாரை தலையில் வைத்தது. முரசு மூன்று தடவை.

“நாலு” என்றாள், கண்ணை மூடியபடி.

“மூணுதான். நாலாவது ஒன் நெஞ்சு அடிச்சது.”

“போ, ஒனக்கு வயசாயிட்டு.”

சிரித்துவிட்டாள். மகன் மணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பட்டம் கட்டினால் குலவை வேண்டுமே. அவளே போட்டாள். பாதியில் மூச்சு முட்டியது. நிறுத்தச் சொன்னேன். கையைத் தட்டிவிட்டு மிச்சத்தையும் போட்டு முடித்தாள்.

பிறகு சேலை மாற்றப் போனாள். ஒன்றே முக்காலுக்குச் சேர்த்தாயிற்று.

ஐப்பசி 12, புதன்

மேகமூட்டம். ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டே சொன்னாள்: “அடுத்த வருசம் போஸ்டர ஆர்ட்டயாவது வாசிக்கச் சொல்லிட்டு டிக்கெட்டு எடு.”

பதினொன்று ஆகிறது. கதவு திறக்கவில்லை. மகன் நடந்துகொண்டே இருக்கிறான்.

முரசு மூன்றுதான். எனக்கு நன்றாகத் தெரியும்.

நாலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வெளியே வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.