இனி இந்த வானுக்கு வெல்டிங் இல்லை

கொட்டாஞ்சேனை
1997 பங்குனி 9

அன்புள்ள மகன் சூசைதாசனுக்கு,

அந்தோனியார் துணையில் நானும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம், சூரிச் குளிரில் உன் நெஞ்சுச் சளி குறைந்ததா என்று எழுது. நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டும் வானின் எஞ்சின் ஹெட்டை வேறு நல்ல இடத்தில் திரும்ப வெல்ட் பண்ணச் சொல்லி, இல்லாவிட்டால் வானையே விற்றுவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லி எழுதியிருந்தாய். இரண்டும் நடக்காது மகன்.

தண்ணி கொதித்து எஞ்சினின் ஹெட், அதுதான் மேல்மூடி, வெடித்தபோது ஒருகொடவத்தை வெல்டிங்கார அலவிதான் வெல்ட் பிடித்துத் தந்தவர். அவர் ஒளிக்காமல் சொன்னவர், அக்கா இது இரும்பில்ல, அலுமினியம், வருசக்கணக்கா ஒயில் குடிச்சது, எவ்வளவு கழுவினாலும் வெல்டுக்குள்ள ஊசி ஓட்டை விழும், சூட்டுல ஹெட் வளையும், ஒட்டின இடத்துக்குப் பக்கத்துல பலம் கொறையும், வேற ஹெட் கிடைக்கும்வரை மெல்ல ஓட்டுங்க என்று. மெல்லத்தான் ஓட்டினேன். போன மாதம் வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகையில், சரியாக ஆமிக்காரர் காவல் நிற்கும் சென்றிக்குக் கிட்ட வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பிவிட்டது. குண்டு என்று நினைத்துத் துவக்கை நீட்டிவிட்டார்கள். பிள்ளைகள் கையை உயர்த்திக்கொண்டு இறங்கின. ஜவாஹிறா, அதுதான் எல்லாருக்கும் சின்னவள், என் சீலையைப் பிடித்துக்கொண்டு ஆன்ட்டி சுடப் போறாங்களா என்று கேட்டாள். நான் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்று, மாத்தயா, வதுர விதரய், வெறும் தண்ணி ஆவிதான் என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்தினேன். பொனட்டை என்னையே திறக்கச் சொன்னார்கள். முழங்கை வெந்துபோனது, இப்போது ஆறிவிட்டது, பயப்படாதே. வெல்ட் கரையோடு புது வெடிப்பு ஓடியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் துவக்கு இறங்கியது.

இன்னும் வடிவாக ஒட்டலாம் என்கிறாய். இருக்கலாம், ஆனால் ஒட்டு நிற்குமா என்பது றோட்டில்தானே தெரியவரும், அந்தச் சோதனையைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான் செய்யமாட்டேன். பஞ்சிகாவத்தையில் பழைய வான் சாமான் விற்கும் மஷூர் நானா, வெல்டே படாத ஒரு ஹெட்டை உடைத்த வானிலிருந்து எடுத்துத் தந்தார். தண்ணித் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்து, ஒரு குமிழியும் வராததைக் கண்ட பிறகே வாங்கினேன். பூட்டியதும் ஹெந்தளைவரை வெறும் வானாக ஓட்டிப் பார்த்தேன், சூட்டு முள் ஏறவில்லை. பயத்தில் பிள்ளைகளை வானில் அனுப்பாமல் நிறுத்திய வீடுகளுக்கெல்லாம் பழைய ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போய் வெடிப்பைக் காட்டி, இது இப்ப வானில இல்லை என்றேன். சிலர் யோசித்தார்கள். ஜவாஹிறாவின் உம்மா றமீலா மட்டும் ஹெட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை, நீங்க முன்னால போய் நின்டதப் புள்ள சொல்லிச்சு, திங்கக்கிழம அனுப்புறேன் அக்கா என்றா. அந்தத் திங்கள் ஜவாஹிறாவும் இன்னும் நாலு பிள்ளைகளும்தான் ஏறினார்கள். ஐந்து பேரோடும் வானை ஓட்டினேன். இப்போது வான் நிறைந்துவிட்டது, விற்பதைப் பற்றி இனி எழுதாதே.

மாதா உன்னைக் காவல் பண்ணுவா. ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே.

உன் அன்பு அம்மா,
றோஸி