டொம்களை ஏன் மாற்றி வைத்தாய், மச்சான்?

அன்பு மச்சான் ரெஜிக்கு,

போன கிழமை உன்னுடைய ஆண்டு நினைவுப் பூசை முடிந்தது. தோட்டவெளி மாதா கோயில் நிரம்பி வழிந்தது. நீ வான் ஓட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றியிறக்கிய பிள்ளைகள் எல்லாரும் தாய் தகப்பனோடு வந்திருந்தார்கள். உன் தங்கச்சி சுகம். எனக்குச் சோறும் ஏச்சும் நேரத்துக்கு நேரம் தந்துகொண்டிருக்கிறாள்.

இந்தச் சேதிகளைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பேனையைத் தொட்டவுடனே அந்தக் கேள்விதான் முந்திக்கொண்டு வருகிறது. நீ இருக்கும்போது எத்தனையோ தரம் கேட்டேன், ஒவ்வொரு தரமும் மழுப்பிவிட்டாய். ஏன்ரா அந்த டொம்களை அப்படி மாற்றி வைத்தாய்?

ட்ரம்ஸ் பற்றித் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் விளக்குகிறேன், நீ கொட்டாவி விட்டுக்கொண்டு இரு. அடிக்கிறவருக்கு முன்னால், காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் ட்ரம் நிற்கும். அதன் முதுகில் ஒரு தாங்கி. அந்தத் தாங்கியின் இரண்டு கைகளிலும் இரண்டு டொம்கள், கழுவிச் சாய்த்து வைத்த சட்டிகள் போல அடிக்கிறவரின் பக்கம் சரிந்திருக்கும். மூன்றாவது டொம்தான் பெரியது, அது நிலத்தில் மூன்று காலில் நிற்கும். சின்னதிலிருந்து பெரியது வரை இடமிருந்து வலமாக வைப்பதுதான் உலக வழக்கம். உன்னுடையது நேர்மாறு. சின்னது உன் வலப்பக்கம், பெரியது உன் இடப்பக்கம்.

இடக்கைக்காரன் என்றால் கேட்டிருக்கவே மாட்டேன். ஆனால் நீ சாப்பிட்டது வலக்கையால், பந்து போட்டது வலக்கையால், கல்யாணத்துக்கு முன் உன் தங்கச்சியோடு என்னைக் கடற்கரையில் கண்டபோது அறைந்ததும் வலக்கையால்தான். அதோடு, இடக்கைக்காரர் வைத்தால் எல்லாவற்றையும் மாற்றி வைப்பார்கள். நீயோ கால்மிதி, ஹை-ஹெட் தாளத் தட்டு, மடிக்கு முன்னால் நிற்கும் ஸ்னெயர் ட்ரம் எல்லாவற்றையும் ஊரோடு ஒத்து வைத்துவிட்டு டொம்களை மட்டும் திருப்பியிருந்தாய். இது என்ன கணக்கு?

“உனக்கு நாலு கம்பி தந்திருக்கு. அதைப் பார் மச்சான்” என்பாய். எங்கள் பாண்டில் பேஸ் கிற்றார் வாசிக்கிற என்னில் உனக்கு அவ்வளவு இளக்காரம்.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அந்தக் காலைக்குப் பிறகு ட்ரம்ஸ் கோயில் மூலையிலேயே கிடந்தது. மாமி வந்து ஒரு படுக்கை விரிப்பால் மூடிவிட்டுப் போனார். உன் அம்மாவைத் தெரியும்தானே, ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஆண்டுப் பூசை கிட்ட வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்.

“பூசைக்கு அவன்ர ட்ரம்ஸ் கேக்க வேணும். ஆரையும் பிடிச்சு அடிக்க விடுங்கோ. ஆனா அவன் வச்ச மாதிரியே இருக்க வேணும். ஒண்டையும் அசைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்.”

ஓம் மாமி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அடிக்க ஆளைத் தேடியபோதுதான் நிரோஷா கிடைத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். அங்கே கோயில் பாடகர் குழுவில் ட்ரம்ஸ் அடித்தவளாம். நீ இருந்திருந்தால் முதல் நாளே அவளோடு சண்டை பிடித்து, இரண்டாம் நாள் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்திருப்பாய்.

விரிப்பை எடுத்தேன். அவள் ஸ்டூலில் இருந்து குச்சிகளைப் பிடித்தாள். தாளம் நன்றாகத்தான் போனது. பாட்டின் ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் டொம்களில் உருட்டி இறங்க வேண்டுமே, அங்கே அவள் கை வலப்பக்கம் பாய்ந்தது. அங்கே ட்ரம் இல்லை.

“அண்ணை, கை வெறும் காத்துக்குள்ளயெல்லோ போகுது! ஆர் இப்பிடி வச்சது?”

“அவர்தான்.”

“ஏன்?”

“அதைத்தானே நானும் இவ்வளவு காலமாக் கேக்கிறன்.”

அவள் விடாமல் முயன்றாள், அதை நான் சொல்ல வேண்டும். வேலை முடிந்து களைத்து வந்து, வியர்க்க வியர்க்கப் பழகினாள். பாதிப் பாட்டில் கை பழைய வழிக்கே ஓடிவிடும். ஒரு நாள் குச்சியை ஸ்னெயரின் மேல் வைத்துவிட்டு எழும்பினாள்.

“நான் திருப்பி வச்சு அடிக்கிறன். இல்லாட்டி வேற ஆரையும் பாருங்கோ. பூசையில பிழை விட்டு அந்த அன்ரியை அழ வைக்க என்னால ஏலாது.”

மாமியிடம் போனேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“மாத்தினா அது அவன்ர இல்ல. பேசாம மூடி வையுங்கோ. ட்ரம்ஸ் இல்லாமப் பூசை நடக்கட்டும்.”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். பேஸ் கிற்றாருக்கும் அதேதான் என்று அன்றைக்குக் கண்டேன். உன்னுடைய ட்ரம்ஸ் ஊமையாக நிற்க, அதற்குப் பக்கத்தில் நான் நின்று உன் ஆண்டுப் பூசைக்கு வாசிப்பதை நினைக்கவே மனம் ஒப்பவில்லை.

காரணம் தெரிந்தால் மாமியை மடக்கலாம் என்று ஒரு நப்பாசை. நீ இருந்த ஸ்டூலில் போய் இருந்து பார்த்தேன். தூண் ஏதும் மறைக்குமோ? இல்லை, உப்புக்குளத்துக் கல்யாண வீடுகளிலும் நீ இப்படித்தானே வைத்தாய். பெரிய டொம்மை என் பக்கம் வைத்து என் காதை அடைக்கவோ? அது உன்னால் முடியாத காரியமில்லை, ஆனால் நாங்கள் சேருவதற்கு முன்பும் இப்படித்தான் வைத்தாயாம். உன் தங்கச்சியைக் கேட்டேன். “அண்ணன் செருப்பையே மாத்திப் போடுற ஆள். அவருக்கு எல்லாத்துக்கும் காரணம் இருக்கோ?” என்றுவிட்டுப் போய்விட்டாள்.

கடைசியில் துணிந்துவிட்டேன். மாமிக்குச் சொல்லாமல், ஒரே ஒரு தரம் திருப்பி வைத்துப் பார்ப்பது, சரிவராவிட்டால் பழையபடி வைத்துவிடுவது. நிரோஷாவுக்கும் அது சரியாகப் பட்டது. ஃபிரிஜ் திருத்தப் போகும் பையோடு கோயிலுக்குப் போனேன்.

தாங்கியிலிருந்து கைகளை உருவி எடுப்பது லேசு, அதை நீ ஒவ்வொரு கல்யாண வீட்டுக்கும் செய்தாய். ஆனால் பக்கம் மாறினால் சரிவும் மாற வேண்டும், அதைப் பிடித்திருக்கும் திருகாணியை மட்டும் நீ தொட்டதே இல்லைப்போல. எங்கள் உப்புக்காற்று அதை இறுக்கிக் கட்டிவைத்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். ஊறும் வரை பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தச் சரிவு நீ வைத்த சரிவு, கழற்றினால் அதைத் திரும்ப அப்படியே வைக்க உலகத்தில் ஒருவராலும் முடியாது. ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன் மச்சான். சிரிக்கிறதென்றால் சிரி. நிரோஷா மாதா சுரூபத்தைப் பார்க்கிற மாதிரி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆணி கிரீச்சிட்டுக் கழன்றது. சின்ன டொம் இடப்பக்கம் போனது, நடு டொம் வலப்பக்கம் வந்தது. பெரியதைத் தூக்கி அவளுடைய வலது முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் இருந்து பார்த்து, ஒன்றைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னாள், மற்றதைக் கிட்ட இழுக்கச் சொன்னாள். விளிம்பில் குச்சி தட்டாமல் தோலின் நடுவில் விழ வேண்டுமாம். பிறகு அடித்தாள். என்ன அடி! புறாக்கள் முகட்டிலிருந்து கிளம்பிவிட்டன.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமி உள்ளே வந்தார். பீடத்துக்குப் பூ வைக்க வந்திருக்கிறார். நடுவழியில் அப்படியே நின்றுவிட்டார். நிரோஷா கையை நிறுத்தினாள். நான் ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். ஃபிரிஜ் திருத்துகிற வளர்ந்த மனுசன், கள்ளன் மாதிரி.

மாமி ஏசவில்லை. முன் வாங்குப் பலகையில் மெல்ல உட்கார்ந்தார். பூவை மடியில் வைத்துக்கொண்டு ட்ரம்ஸையே பார்த்தார். ஏச்சை விட அது எனக்குப் பயமாக இருந்தது.

“இது அந்தக் கலியாண வீடு” என்றார்.

“எந்தக் கலியாண வீடு மாமி?”

“இந்தியாவில. அகதி முகாமில இருந்தனாங்கள் எல்லோ, அப்ப. பேசாலையில வள்ளம் ஏறேக்க இவனுக்கு ஆறு வயசு. முகாமுக்குப் பக்கத்தில ஒரு கோயில் கலியாணம், பெரிய பாண்ட் செற் வந்தது. ஊர் முழுக்கப் போய் மேடைக்கு முன்னால மணலில இருந்தம். இவன் என்ர மடியில. பெரிசு இந்தப் பக்கம்” என்று இடக்கையை நீட்டினார். “சின்னது அந்தப் பக்கம். இப்பிடியேதான் இருந்தது.”

அடுத்த நாள் நீ பாத்திரமெல்லாம் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாயாம். பெரிய அரிசித் தகரத்தை இடப்பக்கம் வைத்தாய், தண்ணி வாளியை நடுவில், பால்மாப் பேணியை வலப்பக்கம். சமைக்கத் தகரம் கேட்டு மாமி உன்னைத் துரத்திக்கொண்டு திரிந்தாராம்.

நிரோஷா ஸ்டூலிலிருந்து துள்ளி எழும்பினாள்.

“அண்ணை! அவர் முன்னுக்கு இருந்து பாத்திருக்கிறார். பாத்ததை அப்பிடியே தனக்கு முன்னால வச்சிருக்கிறார்!”

எனக்கு உடனே பிடிபடவில்லை. வாங்கில் மாமிக்குப் பக்கத்தில் போய் இருந்து பார்த்தேன். பெரியது என் இடப்பக்கம், சின்னது என் வலப்பக்கம். உன் ஸ்டூலில் போய் இருந்தபோது நான் பார்த்ததும் இதே ஒழுங்குதான். மேடையில் இருந்தவருக்கு வலம், கீழே இருந்த உனக்கு இடம். அதை யார் ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்? பால்மாப் பேணிக்கு ஏது கால்மிதி? அதையெல்லாம் நீ பிறகு இங்கே வந்து, எல்லாரையும் போல பழகியிருக்கிறாய். டொம்கள் மட்டும் முகாமிலேயே பழகிவிட்டன.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்ப இதுவும் அவன்ரதான். அடி பிள்ளை” என்றார்.

அப்படித்தான் மச்சான், உன் பூசைக்கு உன் ட்ரம்ஸ் ஒலித்தது. நிரோஷா ஒரு பிழையும் விடவில்லை. நான்தான் விட்டேன், காணிக்கைப் பாட்டில், கண் மறைத்தது. மாமி முன் வாங்கை விட்டு அசையவில்லை. பூசை முடிந்து பங்குச் சுவாமி வந்து பேசும்போதும் அவருடைய விரல்கள் வாங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

ஆனால் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் முதல் உண்மையான ட்ரம்ஸுக்குப் பின்னால் இருந்த அன்றைக்கு உனக்குத் தெரிந்திருக்குமே? மற்றவர்கள் மாற்றி வைக்கிறார்கள் என்று நினைத்தாயா, நீதான் மாற்றி வைக்கிறாய் என்று நினைத்தாயா? திருத்த மனம் வரவில்லையா? அல்லது, மாமியின் மடியில் இருந்து பார்த்ததுதான் உனக்குச் சரியான பக்கமா? இதற்கு இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

ஒன்றை மட்டும் மாமியிடம் கேட்டேன். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது.

“மாமி, அவ்வளவு ஆசையெண்டால் மேடைக்குப் பின்னால போய் ஒருக்காப் பாத்திருக்கலாமே?”

“போனவன்தான். ‘அகதிப் பெடியன், களவெடுக்க வந்திட்டான்’ எண்டு துரத்திக் கலைச்சுப்போட்டாங்கள். பிறகுதான் வந்து என்ர மடியில ஏறினவன். அழேல்ல. பாத்துக்கொண்டே இருந்தவன்.”

அப்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் உன் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் வந்து ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். வயரில் கால் தடக்கும், எல்லாம் கழன்றுவிடும், போங்கோடா என்று நான் கத்துவேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் “விடு மச்சான், நிக்கட்டும்” என்பாய். ஒரு நாள் கூட நீ காரணம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. டொம்களைப் பற்றி அத்தனை தரம் கேட்டவன், இதைக் கேட்கவில்லை.

வருகிற மாதம் உப்புக்குளத்தில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். நிரோஷாதான் அடிக்கிறாள், அவளுடைய ஒழுங்கில். வயர்களை எல்லாம் மேடையின் மற்ற ஓரத்தால் கொண்டுபோய், ட்ரம்ஸுக்குப் பின்னால் நல்ல இடம் விடப்போகிறேன். யாருடைய பிள்ளை வந்து நின்றாலும், சத்தியமாக, நான் கலைக்கமாட்டேன்.

உன் தங்கச்சியின் புருசன்,
உன் மச்சான் யூட்