நானும் அதில் போனதில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ "அப்புறம் அக்கா, வேற என்ன" என்று அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாய். காகிதத்தை அப்படித் தாண்ட முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிக்கிறதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும்.

உன் அத்தானுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. காது மெஷின் வாங்கி டப்பாவிலேயே வைத்திருக்கிறார். மாட்டச் சொன்னால், "உன் பேச்சைக் கேக்கறதுக்கா?" என்கிறார். நான் இப்போதும் தையல்காரருக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டுச் சட்டை, அதற்கு மேல் முடியவில்லை. வலது கட்டைவிரல் மரத்துப்போயிருக்கிறது. போன வாரம் அடுப்பில் சுட்டுக்கொண்டது வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. டாக்டர் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா இருங்கள் என்றார். சும்மா இருக்க எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ விற்றதில் எனக்கு வருத்தமில்லை. அப்பா உனக்கு எழுதி வைத்தார், நீ விற்றாய். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நீ எத்தனை வருஷம் அதற்குத் தீனி போடுவாய்? வாங்கிய செருப்புக் கடைக்காரர் முன்சுவரை இடித்துக் கண்ணாடி போட்டுவிட்டார். நாம் வரிசையாகப் படுத்த அறையில் பெண்கள் செருப்பு. அம்மாவின் சமையலறையில் பள்ளிக்கூட ஷூ. போய்ப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்தேன். கடித்தது, வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைக்காரர் அந்த வீட்டுக்குப் பக்கத்துச் சந்தின் வாயில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார். சந்தின் மறுகோடியில் பின்வீட்டில் நம் பசை அத்தை இன்னும் இருக்கிறார். தெருவுக்கு வர அவருக்கு அந்தச் சந்தை விட்டால் வேறு வழி கிடையாது. கடை திறந்தால் கேட் திறக்கும், கடை மூடினால் கேட் மூடும். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று முழுக்க எண்பத்தொரு வயது மனுஷி உள்ளேயே. போன செவ்வாய் கம்பி வழியாகத்தான் மாத்திரை கொடுத்தேன். "ஜெயில்ல மனு போட்டுப் பாக்க வந்த மாதிரி இருக்குடீ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் எனக்குச் சட்டென்று வருவதில்லை.

அத்தை கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். போயிருக்கிறார் என்ன, நான்தான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். அந்தச் சந்து காலங்காலமாக வழியாக இருந்தது என்று காட்டினால் கேட்டை எடுக்கச் சொல்வார்கள். காட்டாவிட்டால் கேட் நிற்கும், சந்தும் கடையோடு சேர்ந்துவிடும். அத்தையைப் பிறகு எங்கே கொண்டுபோய் வைப்பது? என் இரண்டு அறையில் உன் அத்தானும் தையல் துணியும் போக ஒரு பாய் விரிக்கத்தான் இடம் இருக்கிறது. அதுவும் சரி, வா என்றேன். "என் வாசப்படியைத் தாண்டிப் போகத்தான் வழி கேக்கறேன், வீட்டை விட்டுப் போக இல்லை" என்றார்.

இப்படி இருக்கையில் வக்கீல் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினார். செருப்புக் கடைக்காரர் தரப்பில் கொடுத்தது. அடியில் உன் கையெழுத்து. "மேற்படி சந்து எங்கள் வீட்டைச் சேர்ந்த காலி இடம். அதை யாரும் வழியாகப் பயன்படுத்தியதில்லை. நானும் அதில் போனதில்லை."

அவர்கள் தட்டச்சு செய்து அனுப்பியிருப்பார்கள், நீ படிக்காமல் போட்டிருப்பாய் என்று முதலில் நினைத்தேன். கடைசி வரி மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அந்த வரியை உன்னிடம் யாருமே கேட்கவில்லை, தம்பி. நீயாகச் சேர்த்திருக்கிறாய்.

வக்கீல் என்னைச் சாட்சி சொல்லக் கேட்டார். சின்ன வயதில் பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். சந்து எத்தனை அகலம் என்றார். சுவருக்குச் சுவர் காலை ஊன்றி மேலே ஏறுவோம், எனக்குப் பத்து வயதில் கால் எட்டியது, தம்பிக்கு எட்டு வயதிலேயே எட்டிவிட்டது, அவனுக்குக் கொக்குக் கால் என்றேன். குண்டுத் தபால்காரர் அதில் ஒருக்களித்துப் போவார், சாப்பிட்டுவிட்டு வந்தால் வாசலிலேயே நின்று குரல் கொடுப்பார் என்றேன். அத்தை மருந்துக்கடைகளுக்குக் காகித உறை ஒட்டுவார், நூறு நூறாக எண்ணிக் கட்டிக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு விரல் மாவுப்பசை நக்கத் தருவார், அந்தப் பசைக்காகவே தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தச் சந்தில் வரிசை கட்டுவோம் என்றேன். தகரக் கடைக்காரர் சுத்தியலைக் கையில் எடுத்தால் எட்டு மணி. அச்சகத்தில் வெட்டி எறிகிற காகிதத் துண்டுகள் சந்துக்குள் பறந்து வரும், பொறுக்கி நோட்டு தைப்போம். எதிர்மாடிப் பெண்களும் நம் மாடிப் பெண்களும் கை நீட்டித் தீப்பெட்டி மாற்றிக்கொள்வார்கள். எல்லாம் சொன்னேன். எங்கிருந்துதான் வந்ததோ, கொட்டித் தீர்த்தேன்.

வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேக்க நல்லா இருக்கும்மா. ஆனா தேதியோட ஒரு சம்பவம் வேணும். ஆஸ்பத்திரியிலயோ போலீஸ்லயோ எழுதி வச்சது மாதிரி" என்றார். அத்தையிடமும் அதையே கேட்டிருக்கிறார். அவர் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

அத்தைக்கா ஞாபகம் இல்லை! முப்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கிப்போன கிண்ணத்தை நான் திருப்பித் தரவில்லை என்று இந்த மாதம்கூடச் சொல்லிக் காட்டினார்.

கொஞ்சம் நிறுத்திவிட்டேன். தையல்காரர் ஆள் அனுப்பியிருந்தார். சட்டைகளைக் கொடுத்தனுப்பிவிட்டு, உன் அத்தானுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் வருவதை உட்கார்ந்து படி. உன் மனைவி பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் எழுதி வைத்த ஒரு நாள் நமக்கு இருக்கிறது. அதை நாம் வீட்டில் ஒருதரம்கூடப் பேசியதில்லை. அம்மா அன்று பல் வலிக்கு டாக்டரிடம் போயிருந்தாள். அதற்குப் பிறகு சாகும்வரை பல் வலி என்று அவள் வாயைத் திறந்ததில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஒன்பது, நம் தங்கை குட்டிக்கு மூன்று. தண்ணீர் வந்த நாள், முற்றத்துத் தொட்டி மூடாமல் கிடந்தது. நான் தெருமுனைச் சுவரில் முகத்தைப் பொத்திக்கொண்டு நூறு எண்ணினேன், ஐஸ்பாய் ஆட்டத்தில். நீ குட்டியை ஒரு தட்டும் கரண்டியுமாக முற்றத்தில் உட்கார வைத்துவிட்டுச் சந்துக்குள் ஓடிப்போய் ஒளிந்துகொண்டாய்.

தட்டுச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தது அத்தைதான். கையில் பசையோடு சந்து வழியாக ஓடிவந்து, நம் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தொட்டியிலிருந்து குட்டியைத் தூக்கினார். அந்தச் சந்து இல்லாவிட்டால் அந்த நேரத்துக்குக்கூட யாரும் வந்திருக்க முடியாது. தெருவுக்கு ஓடி, வண்டி பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவர்தான். குட்டி பிழைக்கவில்லை. கொண்டுவந்தவர் பின்வீட்டுப் பெண் என்று எழுதிய சீட்டு அம்மாவின் பெட்டியில் இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. தேதி, மணி எல்லாம் அதில் உண்டு.

அத்தை போட்ட கூச்சலில் நான் ஓடிவந்தபோது நீ சந்தின் வாயில் நின்றிருந்தாய். முதுகு முழுக்கச் சுவர்ச் சுண்ணாம்பு. அம்மா வருவதற்குள் அதைத் தட்டிவிட்டது நான். அம்மா உன்னைப் பிடித்து உலுக்கி எங்கேடா போனாய் என்று கேட்டதற்கு, "நான் சந்துக்கே போகலைம்மா, தூங்கிட்டேன்" என்றாய். யாரும் சந்தைப் பற்றிக் கேட்கவில்லை, அன்றைக்கும். அத்தை அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

வக்கீல் வீட்டிலிருந்து நேராக அத்தையிடம் போய்ச் சண்டை போட்டேன். அந்த ஒரு நாளைச் சொன்னால் போதுமே, ஏன் ஞாபகம் இல்லை என்றீர்கள் என்று கத்தினேன். அவர் முறத்தில் எதையோ பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு நான் வாசல்ல உக்காந்து ஒட்டிக்கிட்டிருந்தேன். அவன் ஓடிவந்து என் மரப்பெட்டிக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு, விரலை வாய்மேல வச்சு, சொல்லாதீங்க அத்தைன்னான். நான் சரிடா கண்ணுன்னேன். கோர்ட்ல ஏறினா அவனை எங்கே பாத்தேன்னு கேப்பாங்க. அது எதுக்கு? அவன் பிள்ளைகுட்டிக்காரன்."

ஐம்பத்தொரு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். கேட்டைப் பூட்டினாலும் பரவாயில்லை என்று இருக்கிறார். இது உனக்குத் தெரிய வேண்டும். நீ எழுதிய அந்த வரியை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. வக்கீல் காட்டிவிட்டாராம். "பாவம், இன்னும் பயந்துக்கிட்டிருக்கான்" என்றார். அவ்வளவுதான். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. மறுநாள் உட்கார்ந்து யோசித்தபோது அந்தக் கோபத்துக்கு எனக்கு யோக்யதை இல்லை என்று தெரிந்தது.

இப்போது சொல்லப்போவது அத்தைக்கும் தெரியாது, உன் அத்தானுக்கும் தெரியாது. அம்மாவும் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

அம்மா அன்று குட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது உன்னிடம் இல்லை. என்னிடம். செருப்பை மாட்டிக்கொண்டே, "குட்டியைப் பாத்துக்கோ, தொட்டி திறந்து கிடக்கு" என்றாள். உம் என்றேன். தெருவில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். உள்ளே வந்து உன்னிடம், "அம்மா உன்னைப் பாத்துக்கச் சொன்னாங்க" என்றேன். தொட்டி விஷயத்தை உன்னிடம் சொல்லவே இல்லை. பிறகு ஆட்டத்துக்கு ஆள் குறைந்தபோது, "நீயும் வாடா, அஞ்சு நிமிஷம்தான்" என்று கூப்பிட்டதும் நான்தான். அதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அம்மா வந்து கேட்டபோது, அவன்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் என்று சொன்னேன். அவள் உன்னைப் பார்த்து அப்படிச் சொன்னாயா என்றாள். அம்மாவே உன்னை நியமித்துவிட்டுப் போனதாக நினைத்து நீ தலையை ஆட்டினாய். ஒரு தலையாட்டலில் காரியம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அம்மா உனக்குத் தலை வாரிவிடவில்லை. அந்த இரண்டு வருஷமும் எனக்குத் தினம் இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். நான் பேசாமல் உட்கார்ந்து பின்னிக்கொண்டேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் நாள் பயம். அப்புறம் நாளாகிவிட்டது. அப்புறம் நீ படித்து முதல் கப்பலிலேயே போகிற மாதிரி வெளியூர் போனாய், எல்லோரும் கெட்டிக்காரப் பிள்ளை என்றார்கள். இந்த வீட்டை விட்டுத் தொலைந்தால் போதும் என்று நீ ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியும். வழியனுப்ப வந்து கையை வேறு ஆட்டினேன்.

விசாரணை அடுத்த மாதம் இருபதாம் தேதி. அந்தச் சீட்டோடு நான் கூண்டில் ஏறப்போகிறேன். அத்தை எந்த வழியாக வந்தார் என்று சொல்வேன். குட்டி யார் பொறுப்பில் இருந்தாள் என்று கேட்டால், என் பொறுப்பில் என்று சொல்வேன். உன்னைப் பற்றிக் கேட்டால் என் தம்பிக்கு அப்போது ஒன்பது வயது என்பேன். எதிர்த்தரப்பு வக்கீல் உன் காகிதத்தை நீட்டி, உங்கள் தம்பி பொய் சொல்கிறாரா என்று கேட்பார். அதற்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் அதற்கு முன்னால் நீ ஒரு காகிதம் அனுப்பிவிடு. வழி இருந்தது, முன்பு எழுதியது தவறு என்று இரண்டு வரி. காரணம் எதுவும் எழுதாதே, கோர்ட்டுக்கு அது தேவையில்லை. வக்கீலின் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ அனுப்பினால் அத்தை செவ்வாய்க்கிழமையும் தெருவுக்கு வருவார். அனுப்பாவிட்டாலும் நான் ஏறத்தான் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சர்க்கரை மாத்திரையை நாள் தவறாமல் போடு. நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் நீ போனை எடுத்து, "விடுக்கா, பழைய கதை" என்று சொல்வாய். உன் சுபாவம் அது. வேண்டாம் தம்பி, விடாதே. உனக்கு அறுபது வயதாகிறது, இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஒரே ஒரு தடவை கூப்பிட்டு என்னைத் திட்டு. உன் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டு, நான் போனைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அக்கா