வலது பக்கக் காற்று

ஜூன் 5, 2006. திங்கள்

புழுக்கம். மேகம் கூடிக் கலைந்தது, ஒரு துளி இல்லை. குறைதீர்ப்பு நாள். கலெக்டர் ஆபீஸ் வராந்தா முழுக்க மனு. அடி அண்ணாமலையிலிருந்து பட்டா விஷயமாக ஒரு பெரியவர். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் சொருகிவிட்டது. எதிர் சீட் வசந்தி ஸ்கேலால் தட்டி எழுப்பினாள். பெரியவர் கோபப்படவில்லை. "தூங்கட்டும்மா, பாவம். நான் உக்காந்துக்கினு இருக்கேன்" என்றாராம். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சூப்பரின்டெண்ட் ஆகி நாலு வருஷம், தூங்குமூஞ்சி என்று பெயர் எடுத்தாயிற்று.

சாயங்காலம் மிஷின் வந்தது. வேலூர் ஏஜென்ட் ஜெயராமன் இங்கே வேங்கிக்கால் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். ரேடியோ சைஸில் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மாஸ்க். தூக்கத்தில் என் தொண்டை மூடிக்கொள்கிறது, அதனால் மூச்சு நிற்கிறது. மூடாதபடி மிஷின் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். போன மாதம் வேலூரில் ஒரு ராத்திரி படுக்கவைத்துக் கண்டுபிடித்தார்கள். எத்தனை தடவை நின்றது என்று டாக்டர் சொன்னார். எழுத மனசில்லை. ராத்திரி பூரா செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன், எனக்கே தெரியாது.

மாஸ்க் மூன்று:
மா.1 – முக்கோணம். மூக்கை மட்டும் மூடுவது. வேலூரில் போட்டது இதுதான்.
மா.2 – மூக்கு, வாய் இரண்டும்.
மா.3 – மூக்குத் துளையில் வைக்கிற இரண்டு சின்ன ரப்பர்.

பத்து நாள் போட்டுப் பார்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்றும் ஒத்துவராவிட்டால் 15ஆம் தேதி ஜெயராமன் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்புறம்? டாக்டர் சொன்னது காதிலேயே இருக்கிறது: "இப்படியே விட்டா, ஒரு நாள் நின்ன மூச்சு நின்னதாவே இருக்கும்மா."

ஜூன் 6, செவ்வாய்

மா.1. படுதோல்வி. வலது பக்கம் காற்று கசிகிறது. ஸ்ஸ்ஸ் என்று, விசிலுக்கு முன்னால் குக்கர் இரைகிற மாதிரி. ஹாலில் படுத்திருந்த இவர் காஸ்தான் லீக் ஆகிறது என்று சமையல்கட்டுக்கு ஓடி சிலிண்டரை மூடிவிட்டு, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, அப்புறம் என்னிடம் வந்தார். மூஞ்சியில் குழாயோடு என்னைப் பார்த்ததும் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை அவருக்கு.

இவர் ஹாலில் படுக்க ஆரம்பித்து நாலு வருஷம். என் குறட்டை தாங்காமல். வாயைத் திறந்து அப்படிச் சொன்னதில்லை, ஆனால் வேறு என்ன?

ஒன்று மட்டும் புரியவில்லை. வேலூரில் இதே மாஸ்க், இதே சைஸ், இதே மூக்கு. அங்கே ஒரு சத்தம் இல்லை. குழந்தை மாதிரித் தூங்கினேன். ஊர் மாறினால் மூக்கு மாறுமா?

ஜூன் 7, புதன்

வேலூருக்கும் இந்த வீட்டுக்கும் வித்தியாசம் என்ன? யோசித்தவை:
– தலையணை. அங்கே மெலிசு. இங்கே இலவம்பஞ்சு, குண்டு.
– கொண்டை. பின்னால் பட்டையைத் தூக்குகிறதோ?
– முகத்தில் எண்ணெய்.
– ஃபேன் காற்று.

தலையணையை எடுத்தாயிற்று. பின்னல் போட்டாயிற்று. சோப்பு போட்டு முகம் கழுவியாயிற்று. ஃபேனை நிறுத்தி வேர்த்துக் கொட்டியாயிற்று. வலது பக்கம் ஸ்ஸ்ஸ்.

ஜெயராமனுக்கு போன். "பட்டைய டைட் பண்ணுங்க மேடம்." பண்ணினேன். சத்தம் கொஞ்சம் கம்மி. காலையில் கன்னத்தில் சிவப்புக் கோடு.

வசந்தி: "என்னக்கா, சார் கை வச்சிட்டாரா?"

அவராவது! கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார்.

ஜூன் 8, வியாழன்

ரேஷன் சர்க்கரை வாங்கவில்லை. நாளை.

மா.2. மூக்கு, வாய் எல்லாம் அடைத்து ஹெல்மெட் மாதிரி. காற்று கண்ணில் அடிக்கிறது. தொண்டை வறண்டு தேங்காய் நார். கால் மணி நேரம் தாங்கினேன். பிடுங்கிப் போட்டுவிட்டேன். இது வேண்டாம். இதில் குழப்பமே இல்லை, அந்த மட்டில் சந்தோஷம்.

ஜூன் 9, வெள்ளி

சாம்பிராணி. விளக்கு. எல்லாம் முடிந்து மா.3.

ஆச்சரியம். சத்தமே இல்லை. மெத்தென்று துளைக்குள் உட்கார்ந்துகொண்டது. அப்பாடா என்று எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

மூக்குத் துளை இரண்டிலும் வெள்ளையாக அடைத்துக்கொண்டு நான். மாமியாரைக் கூடத்தில் கிடத்தி மூக்கில் பஞ்சு வைத்தது அப்படியே கண்ணுக்கு முன்னால். தண்ணீர் எடுக்க வந்த இவரும் பார்த்தார். பார்த்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் எடுக்கவில்லை.

கழற்றிவிட்டேன். சத்தம் போடாத மாஸ்க் இதுதான். பிணமும்தான் சத்தம் போடாது.

ஜூன் 10, சனி

ஜெயராமன் நேரில் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், சாதுவான மனுஷன். மா.1ஐப் போடச் சொல்லி மிஷினை ஓடவிட்டார். ஸ்ஸ்ஸ். குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "சார் இருக்காரா மேடம்?" என்றார்.

மாஸ்க் எனக்கு, சார் எதற்கு? இவர் பஸ் ஸ்டாப் வரை கூடப் போய் வெகு நேரம் கழித்து வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. மாஸ்க்க நல்லா கழுவணுமாம்."

இதைச் சொல்லவா பஸ் ஸ்டாப் வரை போக வேண்டும்? எனக்கு ஏதோ பெரிய வியாதி, என்னிடம் மறைக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு.

ஜூன் 11, ஞாயிறு. பௌர்ணமி

காலையிலிருந்தே ரோடு முழுக்க பஸ். கிரிவலத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். போன பௌர்ணமிக்கு வழியில் நிருதி லிங்கத்தில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போய், யாரோ மடியில் சில்லறை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

கழுவத்தானே சொன்னார் என்று மா.1ஐ சோப்புத் தண்ணீரில் கழுவி மாடிக்குக் கொண்டுபோனேன். வெயிலில் தூக்கிப் பிடித்தபோது தெரிந்தது. ரப்பர் ஓரத்தில், வலது பக்கம், வட்டமாகக் குட்டிக் குட்டிக் குழிகள். எண்ணினேன். ஆறு. நடுவில் ஒன்று. ஏழு.

என் ஏழுகல் மூக்குத்தி.

மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜெயராமன் பார்த்தது இதைத்தான். புருஷன் இருக்கிறவளிடம் மூக்குத்தியைக் கழற்று என்று ஒரு அந்நிய ஆம்பிளைக்கு எப்படி வாய் வரும்? தலையணை, எண்ணெய், காற்று என்று எல்லாம் யோசித்த எனக்கே இது தோன்றவில்லையே. மூக்கு வேறு மூக்குத்தி வேறு என்று நான் நினைத்ததே கிடையாது.

இதுவரை இங்கேகூட எழுதாத ஒன்று. வேலூரில் அன்று ராத்திரி நர்ஸ் நகையெல்லாம் கழற்றச் சொன்னாள். மூக்குத்தியையும். சோப்பு தடவி அவளே திருகி எடுத்தாள். விடிந்ததும் இவர் உள்ளே வருவதற்குள் போட்டுக்கொண்டேன். யாருக்கும் சொல்லவில்லை. திரும்பும்போது போளூர் தாண்டி பஸ்ஸில் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். போன வருஷம்தான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வாயு என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் கழற்றிய மறுநாளே ஏன்?

மாமனார் போன பத்தாம் நாள் மாமியாரைச் சுற்றி உட்கார்ந்த பெண்களில் நானும் ஒருத்தி. திருகாணி இறுகிப் போயிருந்தது. யாராலும் முடியவில்லை. கடைசியில் திருகி எடுத்தது என் கை. அந்த அம்மா அழவில்லை, என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைத் தினமும் ராத்திரி நானே எனக்குச் செய்துகொள்வதா? முடியாது.

ஜூன் 12, திங்கள்

குறைதீர்ப்பு நாள். மூன்று காபி. தூங்கவில்லை, ஆனால் விழித்தும் இல்லை. ஒரு மனுவில் இரண்டு தடவை சீல்.

இவர் நடவடிக்கை சரியில்லை. என் மூக்கையே பார்க்கிறார். நான் பார்த்தால் பேப்பரைத் தூக்கிக்கொள்கிறார். பரண் மேலிருந்து பழைய டூல் பாக்ஸை இறக்கியிருக்கிறார். மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனதிலிருந்து தொடாத பெட்டி.

"எதுக்குங்க இது?"

"ஃபேன் சத்தம் போடுது."

ஃபேன் சத்தமே போடவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

மூக்குத்தி மேல் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தேன். ஸ்ஸ்ஸ். பஞ்சு வைத்துப் பார்த்தேன். ஸ்ஸ்ஸ். மா.3ஐ எடுத்தேன், கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம் என்று. நான் கண்ணை மூடிக்கொள்ளலாம், இவர்? திரும்ப வைத்துவிட்டேன்.

ஒரு பக்கம் என் மூச்சு. ஒரு பக்கம் இவர் ஆயுசு. படித்தவள்தான் நான். கல்லுக்கும் ஆயுசுக்கும் சம்பந்தமில்லை என்று பகலில் தெரிகிறது. விளக்கு அணைத்தால் தெரியவில்லை.

ஜூன் 14, புதன்

சின்ன தூறல். மண் வாசனைகூட வரவில்லை.

பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டேன். மாஸ்க் மூன்றும், குழாய், வயர். நாளை ஜெயராமனிடம் ஒத்துவரவில்லை என்று சொல்லிவிடுவது. கட்டும்போது இவர் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு.

ஜூன் 15, வியாழன்

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு எழுதுகிறேன். வரிசையாக எழுத வருமா தெரியவில்லை.

காலையில் குளித்துவிட்டு வந்தால் டைனிங் டேபிளில் மிஷின் பெட்டி பிரித்துக் கிடக்கிறது. பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம், பஞ்சு, சின்ன குறடு.

"சரசு, உக்காரு."

"என்னாங்க இது?"

"ஏஜென்ட் அன்னைக்கே சொல்லிட்டாரு. உங்கிட்ட எப்பிடிக் கேக்கறதுன்னுதான் அஞ்சு நாளா முழுங்கிக்கினு இருக்கேன். நான் கேட்டா நீ என்னா நினைப்பியோன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். வேலூர் நர்ஸ், போளூர் பஸ், அவர் அம்மா, என் கை. கேட்டுக்கொண்டே இருந்தவர் சிரித்துவிட்டார்.

"பஸ் ஸ்டாண்டுல நாலு வடை தின்னேன்டி. அதுக்கு மூக்குத்தி என்னா பண்ணும்?"

"விளையாடாதீங்க."

"சரி, விளையாடல. உண்ணாமுலை அம்மனுக்கு அபிஷேகத்துக்கு முன்னாடி மூக்குத்திய கழட்டுறாங்களா இல்லியா? தெனம் கழட்டுறாங்க. அண்ணாமலையாருக்கு என்னா ஆச்சு? மலை அங்கதான நிக்குது?"

ஆனாலும் விட மனசில்லை. "நாலு வருஷமா என் சத்தம் தாங்காம ஹால்ல படுக்கறீங்க. இப்படியே இருந்துட்டுப் போவுது" என்றேன்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது.

"சத்தத்துக்கா போனேன்? சத்தம் வந்தா நிம்மதிடி. நிக்கும் பாரு, அதுதான். நின்னுச்சுன்னா எண்ண ஆரம்பிப்பேன். திரும்ப வரலன்னா வந்து தோள ஆட்டுவேன். நீ பொரண்டு படுப்ப. பக்கத்துல படுத்தா நானும் அசந்துடுவேன். சேர்ல உக்காந்தா தூக்கம் வராது. அதான் ஹாலு."

நாலு வருஷம். ஸ்டென்ட் வைத்த மனுஷன். என்னால்தான் அவருக்கு ஏதாவது ஆகும் என்றால் அது மூக்குத்தியைக் கழற்றியதால் ஆகாது. எனக்கு இது ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை என்று என் மேலேயே கோபம்.

முகத்தைக் காட்டினேன். எண்ணெய் விட்டார், ஊறவைத்தார், பஞ்சு சுற்றிய குறடால் திருகாணியைப் பிடித்தார். கம்பம் ஏறி வயர் முறுக்கிய கை, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகியது. நான் கண்ணை மூடவில்லை. அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடாக இருந்தது விரல்.

குங்குமச் சிமிழில் போட்டு சாமி மாடத்தில் வைத்தார். ராத்திரி அங்கே, காலையில் மூக்கில். அதுதான் ஏற்பாடு. முப்பது வருஷத் துளை, ஒரு ராத்திரியில் தூர்ந்துவிடாது.

ஜெயராமனுக்கு அவரே போன் செய்தார். "வர வேணாங்க. முக்கோணம்தான். வச்சிக்கறோம்."

ஜூன் 16, வெள்ளி

விடிந்து வெகு நேரம். அலாரம் அடித்தது தெரியாது. பால் பாக்கெட் வாசலில் வெந்துகொண்டிருக்கிறது. மா.1, சத்தமே இல்லை. தலை லேசாக இருக்கிறது, கழுவிவைத்த மாதிரி.

எழுந்து மாஸ்க்கைக் கழற்றி மிஷினை நிறுத்தினேன். அப்புறமும் ஒரு சத்தம். எங்கிருந்து என்று முதலில் புரியவில்லை. பிறகு பார்த்தால் கட்டிலில், என் பக்கத்தில், இவர். வாயைப் பிளந்துகொண்டு குறட்டை. முப்பது வருஷத்தில் இவர் குறட்டையை நான் கேட்டதே இல்லை.

நடுவில் சட்டென்று நின்றது. எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. வந்துவிட்டது.