நிக்காஹ் நாளும் என் முழங்கையும்

றமீலா,

சுபஹு தொழுதுவிட்டு நீ கண்ணயர்ந்திருந்தாய். எழுப்ப மனம் வரவில்லை. இடது கையால் எழுதுகிறேன், பொறுத்து வாசி. பஹீமின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சாவி அலுமாரிக்கு மேலே இருக்கிறது. எனக்குச் சாப்பாடு அனுப்பாதே. ஒப்பரேஷன் முடியும்வரை தண்ணீரும் கூடாதாம்.

ஏழு நாள் முன் விழுந்ததில் வலது முழங்கை மூட்டுக்குள் எலும்பின் நுனி சீவியதுபோல் உடைந்து புரண்டிருக்கிறது. நூறு முழங்கை முறிவில் ஒன்றுதான் இப்படி என்றார் டொக்டர். சின்ன இஸ்குறுப்பு ஆணி இரண்டு போட்டுப் பொருத்துவாராம். இனியும் தாமதித்தால் கையை நீட்டவே முடியாதாம்.

நம் மகள் நதாவின் நிக்காஹைத் தள்ளிவைப்போம் என்று ஒரு கிழமையாகச் சொன்னாய். எங்கள் குடும்பத்தில் சொன்ன நாள் மாறியதில்லை என்று கத்தினேன். "நாள் மாறப்படாதாம், மாப்புளட கையைப் பிடிக்கிற வாப்பாட கை மட்டும் வளைஞ்சு கிடக்கலாமாக்கும்!" என்றாய். அதைக் கேட்டுத்தான் இன்று போகிறேன்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் கெலிஓயாவில் உன் வாப்பா என் கையைப் பிடித்து உன்னை ஒப்படைத்தார். அவருடைய உள்ளங்கைச் சூடு இன்னும் நினைவிருக்கிறது. நம் மருமகனுக்கும் அப்படியொரு பிடி கிடைக்க வேண்டும்.

சம்பந்தி வீட்டாரோடு நீயே பேசு. இரண்டு மாதம் தவணை கேள்.

மீன்காரர் வந்தால் பாரை வாங்கு. நதா ஆசைப்பட்டாள்.

இன்னொன்று. தள்ளிவைக்கச் சொன்னது நீ என்று அவர்களிடம் சொல்லாதே, பழி உன்மேல் வரும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வாக்கு மாறியவன் நான் என்றே இருக்கட்டும்.

சாஹுல் ஹமீது