இரண்டு பெயர் எழுதச் சொன்னேன்

ஆகஸ்ட் 8, வியாழன்

காரின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த எங்கள் கல்லூரி மாணவியர் சங்கத்தின் கிரேக்க எழுத்துகளைச் சுரண்டி எடுத்தேன். அலபாமா வெயிலில் பசை கெட்டியாகிப் போயிருந்தது. சமையலறைக் கத்தி வளைந்ததுதான் மிச்சம்.

ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரே தெருவில் ஒரு வீடு. அவற்றில் சேர வரும் புதுப் பெண்களுக்கு நான் வழிகாட்டி. அதனால் சேர்க்கை முடியும்வரை நான் எந்தச் சங்கத்து வீட்டுக்காரி என்று யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் என் பேச்சை என் வீட்டின் பேச்சாக எடுத்துக்கொள்வார்களாம். பழைய படங்களையெல்லாம் மறைத்தாயிற்று. என் அறைத்தோழி லேனி தெருவில் எதிரே வந்தால்கூடச் சிரிக்கக் கூடாது. அவள்தான் இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு ஆள் எடுக்கும் தலைவி.

இங்கேயும் வீட்டின் பெயரை எழுதப் போவதில்லை. வெள்ளைத் தூண் வீடு என்று வைத்துக்கொள்கிறேன். அந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு வெள்ளைத் தூண்தான்.

ஏன் வழிகாட்டியாகப் போனாய் என்று அம்மா போனில் கேட்டாள். சேவை செய்யத்தான் என்றேன். பொய். போன வருடம் ஒரு வாரம் முழுக்க எங்கள் வீட்டு வாசலில் நின்று கைதட்டிக் கத்திவிட்டேன். மறுபடி கத்தினால் வாந்தி எடுத்துவிடுவேன்.

ஆகஸ்ட் 10, சனி

என் குழுவை இன்று பார்த்தேன். எல்லோரிடமும் கையடக்க மின்விசிறி, ஒரே மாதிரி சுருட்டிய முடி, ஒரே மாதிரி பயம். ஒருத்தி மட்டும் காகித விசிறியால் பக்கத்தில் இருந்தவளுக்கும் சேர்த்து விசிறிக்கொண்டிருந்தாள். டெல்லா ரே. வரைபடத்தில் தேட வேண்டிய ஊர். அம்மா பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. இந்த வாரத்துக்கான உடைகளை அவர்கள் தேவாலயத்துப் பெண்கள் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறார்கள்.

"எங்க ஊர்லேர்ந்து இங்க படிக்க வந்தவங்க யாரும் நிலைச்சதில்ல மேம். துணைக்கு ஆளில்லாம நவம்பர்லயே மூட்டையக் கட்டிட்டு ஊருக்கு வந்துடுவாங்க. எனக்கு நாலு பேர் வேணும். அவ்வளவுதான்."

மேம் என்று கூப்பிடாதே, உன்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள் என்றேன். "சரிங்க மேம்" என்றாள்.

பிறகு வீடு வீடாக அழைத்துப் போனேன். கதவு திறந்ததும் நிலை நிறையத் தலைகள், மேலேயிருந்து கீழேவரை, எல்லா வாயும் திறந்து பாட்டு. ரோட்டிலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் எவ்வளவு அருவருப்பாக இருந்திருக்கிறோம் என்று.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் போனில் அவரவருக்கான அட்டவணை வந்தது. முந்தின நாள் இந்தப் பெண்கள் வீடுகளை வரிசைப்படுத்தினார்கள். அதே நேரத்தில் வீடுகள் இவர்களை வரிசைப்படுத்தின. இரவில் கணினி இரண்டையும் பொருத்தியது. காலையில் யார் எந்தக் கதவுக்குத் திரும்பப் போகலாம் என்று தெரிகிறது. இதைப் பரஸ்பரத் தேர்வு என்று சொல்லச் சொல்லி எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பரஸ்பரமாம்! ஒரு பக்கம் பதினெட்டு வயதுப் பெண் ஒற்றை ஆளாக. இன்னொரு பக்கம் ஒரு வீடு நிறையப் பெண்கள், பெரிய திரையில் அவள் படத்தைப் போட்டுக்கொண்டு.

போன வருடம் அந்த அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். "கணுக்கால் தடிமன்" என்று ஒருத்தி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் குனிந்து மதிப்பெண்ணைத் திருத்தினார்கள்.

டெல்லா ரேயைப் பாதி வீடுகள் கழித்துவிட்டன. வெள்ளைத் தூண் வீடு வைத்துக்கொண்டது. ஆச்சரியம்.

ஆகஸ்ட் 14, புதன்

மஞ்சள் கதவு வீட்டிலிருந்து டெல்லா ரே சிரித்துக்கொண்டே வந்தாள். அது தெருக்கோடியில் இருக்கும் புது வீடு. எங்கள் வீட்டில் அதன் பேரை எடுத்தாலே உதட்டைச் சுழிப்பார்கள். அங்கே ஒருத்தி இவள் உடையில் இனிப்புத் தேநீரைக் கொட்டிவிட்டு, பதறிப்போய் ஓடி, ஈரத்துணிக்குப் பதிலாக இன்னொரு கோப்பைத் தேநீரோடு திரும்பி வந்தாளாம்.

"வயிறு வலிக்கச் சிரிச்சோம் மேம். என்ன பேசினோம்னே தெரியல, மணி அடிச்சிருச்சு."

வெள்ளைத் தூண் வீட்டில் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். யோசித்தாள். "என்னோட காதணி அழகா இருக்குன்னாங்க. மூணு பேரும் அதையே சொன்னாங்க."

ஆகஸ்ட் 15, வியாழன்

மழை. ஐந்து பெண்கள் அழுதார்கள். அழுகை ஒரு வாசனையாக என் துணியில் ஒட்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பெட்ரோல் பங்கில் கோழி வறுவல் வாங்க நின்றபோது லேனி வந்துவிட்டாள். பேசக் கூடாது. அவள் பேசினாள்.

"ஏய் ஹாலிஸ், உன் கும்பல்ல அந்தப் பல் டாக்டர் ஆபீஸ்காரி பொண்ணு இருக்காளே, கடைசிச் சுத்துக்கு நம்ம வீட்டுக்கு வர்றா."

"எடுக்கப் போறீங்களா?"

"நல்ல பொண்ணுடி. அதுக்காக?" வறுவலை ஊதித் தின்றாள். "பட்டியல்ல மேல இருக்கறவளுங்க நாலு பேர் வேற வீட்டுக்கு ஓடிட்டா, ஆள் வேணும்ல? கையில கொஞ்சம் வெச்சிருக்கணும். வர்றவ அத்தனை பேரும் நம்ம பேர முதல்ல எழுதணும். அதுதான் என் வேலை."

"அப்போ ஓடலன்னா?"

"நீ வழிகாட்டிடி அம்மா. இதெல்லாம் உன் காதுல விழக்கூடாது." சிரித்தபடியே என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மிச்சமிருந்த வறுவலைத் தட்டோடு தூக்கி எறிந்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கடைசிச் சுற்று இன்று. டெல்லா ரேக்கு இரண்டே வீடு, வெள்ளைத் தூணும் மஞ்சள் கதவும். சுற்று முடிந்ததும் பெண்கள் நேராகப் பெரிய கூடத்துக்கு வந்து விருப்பத்தைப் பதிய வேண்டும். யாருடனும் பேசக் கூடாது. பதிந்த பிறகு மாற்ற முடியாது. இரண்டு பெயரையும் கொடுத்தால் இரண்டில் ஒன்றில் இடம் உறுதி. ஒன்றை மட்டும் கொடுத்தால் அந்த உறுதி போய்விடும். அந்த வீடு எடுக்காவிட்டால் எதுவுமே இல்லை. இவ்வளவையும் அட்டையைப் பார்த்து வாசித்தேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

அவள் திரையில் வெள்ளைத் தூண் வீட்டின் பெயரை மட்டும் தொட்டாள்.

"ரெண்டையும் குடு, டெல்லா ரே."

"ஒண்ணு போதும் மேம். அவங்க என்னைச் சேத்துக்கிட்டாங்க."

"யாரு சொன்னா?"

"லேனின்னு ஒருத்தங்க. மெழுகுவத்தி வெளிச்சத்துல என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. 'நீ உன் வீட்டுக்கு வந்துட்ட'ன்னாங்க. பொய்யா மேம் ஒருத்தரு அழுவாங்க?"

அழுவார்கள். ஜூலையிலேயே பயிற்சி. எந்தச் சொல்லில் கையைப் பிடிக்க வேண்டும், எங்கே குரல் உடைய வேண்டும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "உன் வீட்டுக்கு வந்துட்ட" என்பது வாக்குறுதி ஆகாதாம், அதனால் விதிமீறலும் ஆகாதாம். அதைச் சொல்லித்தந்தவளைப் பாராட்டிக் கைதட்டினோம்.

"எல்லார்கிட்டயும் அழுவாங்க. மஞ்சக் கதவையும் போடு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை! மரியாதை குறையவில்லை. நம்பிக்கைதான் போய்விட்டது.

"நீங்க மஞ்சக் கதவு வீடுதானே மேம்? முதல்லேர்ந்தே அவங்களப் பத்திச் சொன்னாத்தான் ஆசையாக் கேட்டீங்க. உங்க வீட்டுக்கு ஆள் சேக்கறீங்க. தப்பு சொல்லல. ஆனா என்கிட்ட வேணாம்."

என்ன செய்வது? நான் யார் என்று தெரிந்தால்தானே என் பேச்சை நம்புவாள்? விதி நாசமாகப் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நான் வெள்ளைத் தூண் வீடு. லேனி என் ரூம்மேட். அந்த வீட்ட உள்ளேர்ந்து தெரிஞ்சவ சொல்றேன். ரெண்டையும் குடு."

அவள் முகம் மலர்ந்தது. ஐயோ, அந்த முகம்.

"அப்போ அவங்க என்னை எடுத்தாச்சு!" என்றாள். "அதான் என்கிட்ட மட்டும் இவ்வளவு அக்கறை. வெளிப்படையா சொல்லக் கூடாதுன்னு சுத்தி வளைக்கிறீங்க. புரிஞ்சிருச்சு மேம், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." கண்ணடித்தாள். ஒற்றைப் பெயரோடு அழுத்திவிட்டாள்.

நான் யாரென்று தெரிந்தால் என் பேச்சை வீட்டின் பேச்சாக எடுத்துக்கொள்வார்கள் என்றார்கள். அப்படியே எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இடம் கிடைக்காதவர்களின் பெயர் வழிகாட்டிகளுக்குக் காலையிலேயே வந்துவிடும். அரங்கத்தில் எல்லோர் முன்னாலும் அழக் கூடாதென்று, நாங்கள் போய் அறைக்கதவைத் தட்டி முன்னதாகவே சொல்ல வேண்டும். கருணை என்று சொல்லிக்கொள்கிறார்கள். படத்தில் அழுகிற முகம் வராமல் இருக்கத்தான்.

என் குழுவில் ஒரே பெயர்.

வெள்ளை உடையில் கதவைத் திறந்தாள். அவள் அம்மா விடியும் முன்பே கிளம்பி வந்திருந்தார். கட்டிலில் பலூன்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அம்மாதான் கேட்டார்.

"எந்த வீடுமே இல்லையாங்க? ஏங்க, ஒண்ண மட்டும் போட்டா ஆபத்துன்னு யாரும் எம் பொண்ணுக்குச் சொல்லலையா?"

"சொன்னாங்கம்மா," என்றாள் டெல்லா ரே. என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த கேக்கை ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். மறுக்கத் தெரியவில்லை. நின்றபடியே தின்றேன்.

மதியம் அரங்கம். இடம் கிடைத்த வீட்டின் பெயர் உள்ளே இருக்கும் உறைகளின் மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் மணி அடித்ததும் கிழித்துப் பிரித்தார்கள், கத்தினார்கள், தெருவை நோக்கி ஓடினார்கள். வழிகாட்டிகள் நாங்கள் மேல்சட்டையைக் கழற்றி, உள்ளே போட்டிருக்கும் வீட்டுச் சட்டையைக் காட்ட வேண்டும். காட்டினேன். பக்கத்தில் நின்ற வழிகாட்டி மஞ்சள் கதவு வீட்டுக்காரி என்று அப்போதுதான் தெரிந்தது.

"உன் குழு டெல்லா ரே எங்க? எங்க வீட்ல அவளத்தான் முதல் பேரா வெச்சிருந்தாங்களாம். தேநீர் கொட்டினவ அவளுக்குன்னு ஒரு கோப்பையே வாங்கி வெச்சிருக்கா."

கழற்றிய மேல்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன்.

எங்கள் வீட்டு வாசலில் லேனி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். டெல்லா ரேயைப் பற்றிச் சொன்னேன். "ஒத்தப் பேரா போட்டா? அய்யோ, லூசு," என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள், ஒரு நொடி. "மேல இருந்தவ ஒருத்திகூட ஓடலடி! வா, படம் எடுக்கணும்."

படத்தில் நானும் இருக்கிறேன். பல் தெரியச் சிரிக்கிறேன். தூ.

செப்டம்பர் 3, செவ்வாய்

உணவுக்கூடத்தில் டெல்லா ரே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஜனவரி 22, புதன்

வீட்டில் ஒருத்தி படிப்பை விட்டுப் போய்விட்டாள். ஓர் இடம் காலி. "அந்தப் பல் டாக்டர் ஆபீஸ்காரி பொண்ணக் கேளேன், உனக்குத்தான் பழக்கம்," என்றாள் லேனி. அவளுக்குப் பெயர்கூட நினைவில்லை.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்காவிட்டால் வேறொருத்தி கேட்பாள் என்று போனேன். வராதே என்று சொல்லத்தான் போனேன். நூலகப் படியில் உட்கார்ந்திருந்தாள், இளைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சி அழுகை, கையில் வைத்துக்கொள்ளும் ஆட்கள், திரை. மஞ்சள் கதவு வீட்டிலும் இடமிருக்கிறது, விசாரித்துவிட்டேன் என்றேன்.

"எல்லாம் தெரிஞ்சும் நீங்க ஏன் இன்னும் அங்கேயே இருக்கீங்க?"

பழக்கம். அறை. லேனி. எதைச் சொன்னாலும் எனக்கே நாறியது.

"உள்ள உக்காந்துக்கிட்டு வெளிய காத்து நல்லா இருக்குன்னு சொல்றீங்க," என்றாள். "அஞ்சு மாசம் வெளிய இருந்தேன். நவம்பர்ல அம்மா கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க, தெரியுமா? என்னை வேணாம்னு சொன்னவங்க வேணும்னு சொல்லணும். எனக்கு அது போதும்."

லேனி கேட்கச் சொன்னதை நான் கேட்டு முடிக்கும் முன்பே சரி என்றாள். இந்த முறை மேம் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மறுபடி சேர்க்கை. கடைசி வருடக்காரிகளுக்கு ஒரே வேலைதான். பயிற்சியில் புதுப் பெண்ணாக உட்கார வேண்டும்.

கூடத்தில் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றினார்கள். என் முன்னால் வந்து உட்கார்ந்தவள் டெல்லா ரே. அழகாகிவிட்டாள், முடியைச் சுருட்டியிருந்தாள். மற்றவர்கள் வாக்கியத்தை ஒப்பித்தார்கள். அவள் ஒப்பிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது.

"நானும் தனியா உக்காந்து சாப்பிட்டிருக்கேன்," என்றாள். குரல் சரியான இடத்தில் உடைந்தது. கண்ணீர் இறங்கியது. "நீ உன் வீட்டுக்கு வந்துட்ட."

நம்பிவிட்டேன். எல்லாம் தெரிந்த நான், ஒரு நொடி, முழுதாக நம்பிவிட்டேன்.

விளக்கைப் போட்டார்கள். லேனி கைதட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். டெல்லா ரே புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"அழுகை கொஞ்சம் சீக்கிரம் வந்துருச்சோ, ஹாலிஸ்?"

"இல்ல," என்றேன். "சரியா இருந்துச்சு."