அக்ஷயாவின் கிருமி வேறு கூட்டம்

பாரியூர் அம்மன் துணை

கோபி,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அன்புக்கரசிக்கு, உன் நங்கையா, அண்ணன் மனைவி ரங்கநாயகி எழுதுவது. மஸ்கட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் வேளைக்கு ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டாவது இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அறையில் இருந்தது ஐந்து பேர். நான், உன் அண்ணன், கிருமிகளை ஆராய்கிற டாக்டரம்மா எழில், அக்ஷயா வயதுக்கு வந்த சீருக்கு விருந்து சமைத்த சென்னியப்பன், அவரைக் கூட்டிவந்த போலீஸ்காரர். வேறு யாரும் இல்லை. அங்கே பேசினது ஆறாவதாக உன் காதுக்குத்தான் வருகிறது.

போனில் சொல்லலாம்தான். நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்கு வாய் வராது. பக்கத்து வீட்டு மெஹராஜ் அவள் வீட்டுக்காரரைப் பார்க்க அங்கே வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

சீர் முடிந்து வாந்தி பேதி என்று படுத்தவர்கள் எல்லாரிடமும், நம் பிள்ளையின் ரத்தத்திலும் சால்மோனெல்லா என்ற ஒரே கிருமி என்று முதலில் சொன்னார்கள். அதை வைத்துத்தான் சென்னியப்பன் சமையல் என் மகளைக் கொன்றது என்று நீ புகார் எழுதிக் கொடுத்தாய். அன்றைக்கு நம் யாருக்கும் அதற்கு மேல் தெரியாது. இந்த டாக்டரம்மா, நோயாளிகளிடமிருந்து அந்தக் கிருமியை எடுத்து வைத்து, ஒவ்வொன்றின் மரபணுவையும் எழுத்தெழுத்தாகப் படிக்கிறவர். பேர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வம்சம் வேறு வேறாம். நான் முழிப்பதைப் பார்த்து, "உங்க சனத்துல பொண்ணு குடுக்கறப்பக் கூட்டம் பாக்கறீங்கல்ல, அதாட்டந்தானுங்க. ஒரே கூட்டம்னா பங்காளி. வேற கூட்டம்னா ஒரு எடத்துல இருந்து வந்ததே இல்லைன்னு அர்த்தம்" என்றார்.

உன் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்ப எம் மருமவளுக்கு வந்தது எந்தக் கூட்டமுங்க?" என்று கேட்டார்.

விருந்து சாப்பிட்டுப் படுத்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு கூட்டம். அக்ஷயாவுக்கு வந்தது வேறு. மருந்துக்கு அடங்காதது. வயிற்றோடு நில்லாமல் ரத்தத்தில் ஏறிவிட்டது. அதன் பங்காளி நம் கோழிக்கூண்டில் இருந்தது. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து கூண்டைப் பஞ்சால் துடைத்து எடுத்துப் போனார்களே, ஒப்புக்குச் செய்கிறார்கள் என்று நினைத்தோமே, அதில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சீரன்று காலையிலேயே பிள்ளைக்கு வயிறு வலித்தது, உடம்பு சுட்டது. இந்தச் சமயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நாம் எல்லாரும் சொன்னோம். இலையில் உட்கார்ந்தவள் ஒரு வாய்கூட உண்ணவில்லை. விருந்து அவளைத் தொடவே இல்லை, அன்பு.

வயதுக்கு வந்த பிள்ளைக்கு விடிகாலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம் வழக்கம். எனக்கும் கொடுத்தார்கள், உனக்கும் கொடுத்தார்கள். அதற்காகவே சீருக்கு முன்னாலேயே நீ லீவு போட்டு ஓடி வந்தாய். படிப்புக்காக என்னிடம் விட்டுவைத்த பிள்ளைக்கு, "இதையாச்சும் எங் கையால செஞ்சுபோடறேன் நங்கையா" என்றாய். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பாம்பு முழுங்கறாப்பல முழுங்கறேன், பாத்துக்கங்க அத்தை" என்று எனக்குக் கண்ணடித்தாள். "குடி கண்ணு, இடுப்பெலும்பு கல்லாட்டம் ஆயிரும்" என்று நீ முதுகைத் தடவினாய்.

முட்டையை உடைத்துக் கொடுத்தது யார் என்று டாக்டரம்மா கேட்டார். குறித்துக்கொள்ளத்தான் கேட்டார். உன் அண்ணன் என்னைப் பார்த்தார். நானுங்க என்றேன். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இனி யார் கேட்டாலும் அதுதான் பதில். கோழி என்னுடையது, கூண்டு நான் கூட்டுவது, முட்டையை எடுத்து வைத்ததும் நான்தான். கணக்கில் ஒரு பைசா பிசகினாலும் மனசு அடங்காதவள் நான் என்று உனக்குத் தெரியும். இதை அம்மன் சன்னிதியிலும் சொல்லிவிட்டு வந்தேன், உறுத்தவில்லை.

சென்னியப்பன் அழுதார். தப்பித்தவர் அழுகிற மாதிரி இல்லை. "மத்தவங்க படுத்தது என் தயிர்ப்பச்சடியாலதானுங்க, அதுக்குண்டான தண்டனையைக் குடுங்க. ஆனா இந்தச் சங்கதியை அந்தத் தாய்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. கேசு எம்மேலயே கெடக்கட்டுமுங்க" என்றார். போலீஸ்காரர், "ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று அதட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனுசனை இப்போது யாரும் அடுப்படிக்குள் விடுவதில்லை. மகளுக்குப் பேசி முடித்திருந்த இடமும் நின்றுபோய்விட்டது.

நான் உன்னிடம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால் உன் புகார் அப்படியே நிற்கும், அவர் உள்ளே போவார். சொன்னால் நீ என்ன ஆவாயோ தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதம், புகார் கொடுத்தவள் என்று உனக்கும் தபாலில் வரும். முன்பின் தெரியாத ஒருவர் எழுத்தில் நீ அதைப் படிக்கக் கூடாது என்றுதான் முந்திக்கொண்டேன்.

இங்கே வீட்டு நிலவரம் சொல்கிறேன். கோழிகளைப் பிடித்துப் போய்விட்டார்கள். கூண்டை உன் அண்ணன் பிரித்து எரித்தார். ஆனாலும் விடிகிற நேரம் முட்டையிட்ட கோழி கொக்கரிக்கிறது. எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்றிருந்தேன். நேற்று உன் அண்ணனும் எழுந்துபோய்க் கூண்டு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். அப்புறம் அடுப்படியில் டம்ளர் விளிம்பில் முட்டை ஓடு தட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் டம்ளர்கள் கவிழ்த்தது கவிழ்த்தபடி இருக்கின்றன. நல்லெண்ணெய் வாங்குவதையே நிறுத்திவிட்டேன், வாசம் மட்டும் நிற்கிறது. எனக்குப் பயமில்லை. "அத்தை, இன்னைக்கு வேண்டாமே" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். வேண்டாம் கண்ணு என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

அன்பு, அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் நின்றேன். உன் கையில் ஆசையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அந்தக் கையால் வழக்கை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கையெழுத்துப் போடு. பிறகு சோறு போட்டு, அந்தக் கையாலேயே சாப்பிடு. அதை அறுத்து எறிய முடியாது கண்ணு, கூட வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அம்மன் உன்னைத் தனியாக விடமாட்டாள். நானும் விடமாட்டேன்.

மெஹராஜ் மாதக் கடைசியில் திரும்புகிறாள். இரண்டு வரி போதும், அவளிடம் கொடுத்தனுப்பு. அதற்கு முன்னால் முடிந்தால் இன்னும் நல்லது. சீக்கிரம் பதில் எழுது.

உன் நங்கையா,
ரங்கநாயகி